பிளெட்ஜ்ல வர்ற "அண்டர் காட்": நம்ம பேரன்ட்ஸ் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நியூ ஜெர்சில ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ்ல வாலன்டியரா இருக்கேன். பசங்களை உள்ள விட்டுட்டு பேரன்ட்ஸ் எல்லாம் காரிடார்ல ஃப்ளாஸ்க் காபியோட உக்காந்திருப்போம், அங்க நாலு வருஷமா திரும்பத் திரும்ப வர்ற பேச்சு இது. புதுசா ஊர்ல இருந்து வந்திருப்பாங்க, பிள்ளைய கிண்டர்கார்டன்ல போட்டிருப்பாங்க, ஒரு மாசத்துல அது நெஞ்சுல கை வச்சுக்கிட்டு கடகடன்னு பிளெட்ஜ்ங்கற ஸ்கூல் உறுதிமொழிய ஒப்பிக்க ஆரம்பிச்சிடும், நடுவுல "அண்டர் காட்", அதாவது கடவுளின் கீழ்னு வரும், உடனே "அக்கா இது என்ன, இது சரியா, சொல்லலாமா"ன்னு ஓடி வருவாங்க. ஒவ்வொரு தடவையும் வாயால சொல்றதுக்கு ஒரு இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன், அந்த ரெண்டு வார்த்தை அங்க இருக்கக்கூடாது. நான் சாமி கும்பிடுறவ, வெள்ளிக்கிழமை விளக்கேத்தாம சாப்பிடமாட்டேன், அதனாலதான் எனக்கு இந்தக் கருத்தே வந்துச்சு, ஏன்னு கீழ வரும். நான் வக்கீல் கிடையாது, ஆனா இது சம்பந்தமான தீர்ப்புகளை உக்காந்து படிச்சிருக்கேன்.

"முதல்ல இந்த பிளெட்ஜ்னா என்னக்கா, நம்ம ஊரு உறுதிமொழி மாதிரியா?"

ஆமா, கிட்டத்தட்ட அதேதான். நாம ப்ரேயர்ல கைய நீட்டிக்கிட்டு "இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்"னு சொன்னோம்ல, இங்க கொடியப் பாத்து வலது கைய நெஞ்சுல வச்சு சொல்றாங்க. அமெரிக்கக் கொடிக்கும் அது குறிக்கிற குடியரசுக்கும் விசுவாசமா இருப்பேன், கடவுளின் கீழ் ஒரே நாடு, பிரிக்க முடியாத நாடு, எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும், இவ்வளவுதான் அர்த்தம். இங்கிலீஷ்ல மொத்தம் 31 வார்த்தை.

நியூ ஜெர்சில பள்ளி நடக்கிற ஒவ்வொரு நாளும் இத சொல்ல வைக்கணும்னு மாநில சட்டமே இருக்கு. மத்த மாநிலங்கள்லயும் பெரும்பாலும் ஏதோ ஒரு சட்டம் இருக்கு, விவரங்கள்தான் மாறும்.

"அந்த காட் ஆரம்பத்துல இருந்தே இருக்கா? இது கிறிஸ்டியன் நாடுதானே, இருந்திருக்கும்ல?"

இல்லவே இல்ல, இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். பிளெட்ஜ எழுதினவர் பிரான்சிஸ் பெல்லமி, 1892ல. கொலம்பஸ் வந்து 400 வருஷம் ஆனத கொண்டாடறதுக்காக பாஸ்டன்ல இருந்து வந்த ஒரு பத்திரிகைல, தி யூத்ஸ் கம்பானியன்னு பேரு, அதுல வந்துச்சு. அவர் பாப்டிஸ்ட் சர்ச் பாதிரியார். ஒரு பாதிரியாரே உக்காந்து எழுதிருக்கார், அதுல கடவுள் பேர் கிடையாது. "என் கொடிக்கும் அது குறிக்கிற குடியரசுக்கும், ஒரே நாடு, பிரிக்க முடியாதது, எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும்"னு முடிச்சுட்டார்.

அப்புறம் 1923ல "என் கொடி"ங்கறத "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி"ன்னு மாத்துனாங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க "என் கொடி"ன்னு சொல்லும்போது மனசுக்குள்ள சொந்த ஊர்க் கொடிய நினைச்சுக்கிட்டா என்ன பண்றதுங்கற பயம்தான் காரணம். நம்மள மாதிரி ஆளுங்கள நினைச்சுதான் முதல் திருத்தமே வந்திருக்கு. 1942ல காங்கிரஸ், அதாவது இங்க இருக்கிற பார்லிமென்ட், இத சட்டத்துல சேத்துச்சு. அப்பக்கூட காட் கிடையாது. ரெண்டாம் உலகப் போருக்குப் போன அத்தனை சோல்ஜர்ஸும் ஸ்கூல்ல காட் இல்லாத பிளெட்ஜ சொல்லி வளந்தவங்கதான்.

"அப்ப எப்ப சேத்தாங்க, எதுக்கு சேத்தாங்க?"

1954 ஜூன் 14, கொடி நாள் அன்னிக்கு. ஐசன்ஹோவர் பிரெசிடென்ட். கோல்ட் வார் உச்சத்துல இருந்த நேரம், சோவியத் யூனியன் நாத்திக நாடு, நாங்க அப்படி இல்லன்னு காட்டணும், அதான் விஷயம். கொஞ்சம் முன்னாடியே நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்னு ஒரு கத்தோலிக்க அமைப்பு 1951ல அவங்க கூட்டங்கள்ல இந்த வார்த்தைகள சேத்து சொல்ல ஆரம்பிச்சிருந்தாங்க, காங்கிரஸ்லயும் 1953ல மிச்சிகன்காரர் ஒருத்தர், லூயிஸ் ரபோ, மசோதா கொண்டு வந்தார், அது அப்படியே கிடந்துச்சு.

கிடந்தத கிளப்பி விட்டது ஒரு பிரசங்கம். வாஷிங்டன்ல நியூயார்க் அவென்யூ பிரெஸ்பிட்டேரியன் சர்ச்னு, ஆபிரகாம் லிங்கன் போய்க்கிட்டிருந்த சர்ச், அங்க 1954 பிப்ரவரி 7 ஞாயித்துக்கிழமை ஐசன்ஹோவர் வந்து உக்காந்திருக்கார். பாஸ்டர் பேரு ஜார்ஜ் டாக்கர்ட்டி, ஸ்காட்லாந்துல இருந்து குடியேறினவர், பிளெட்ஜ பத்தி அவரும் நம்மள மாதிரியே ஸ்கூல் போற தன் பிள்ளை சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டார். இதே உறுதிமொழிய மாஸ்கோ பிள்ளைங்களும் அவங்க அரிவாள் சுத்தியல் கொடி முன்னாடி நின்னு சொல்லலாமே, இதுல அமெரிக்காவோட அடையாளம் எங்கன்னு அவர் கேட்டார். லிங்கனோட கெட்டிஸ்பர்க் பேச்சுல இருந்து அந்த ரெண்டு வார்த்தைய எடுத்துக் குடுத்தார். நாத்திக அமெரிக்கன்னு ஒருத்தன் இருக்கவே முடியாது, அந்தப் பேச்சே முரண்பாடுங்கற அளவுக்குப் போனார். நாலே மாசத்துல சட்டம் ஆயிடுச்சு.

கையெழுத்துப் போட்டப்ப ஐசன்ஹோவர் என்ன சொன்னார்னு ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். இன்னியில இருந்து லட்சக்கணக்கான ஸ்கூல் பிள்ளைங்க ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு கிராமத்துப் பள்ளியிலயும் நம்ம நாடு எல்லாம்வல்ல இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டதுன்னு தினம் தினம் அறிவிப்பாங்கன்னு சொன்னார்.

"என் பொண்ணு இத சொல்லியே ஆகணுமா? எந்திரிச்சாவது நிக்கணுமா?"

சொல்ல வேண்டியதில்ல. பப்ளிக் ஸ்கூல்ல எந்தப் பிள்ளையையும் பிளெட்ஜ் சொல்ல கட்டாயப்படுத்த முடியாது, 1943லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, இன்னிக்கு வரைக்கும் மாறல. எந்திரிச்சு நிக்கிறதும் அப்படித்தான். நியூ ஜெர்சில ஒரு காலத்துல சொல்லாட்டியும் நின்னே ஆகணும்னு சட்டம் இருந்துச்சு, 1978ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் அதையும் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

ஃப்ளோரிடா, டெக்ஸாஸ்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம், அங்க பேரன்ட் எழுதிக் குடுத்தாதான் பிள்ளைக்கு விலக்கு. ஃப்ளோரிடா விதிய 2008ல அப்பீல் கோர்ட் ஏத்துக்கிச்சு, பெத்தவங்களுக்கும் உரிமை இருக்குன்னு காரணம் சொன்னாங்க (நின்னே ஆகணும்ங்கற பகுதிய மட்டும் ரத்து பண்ணாங்க). அதனால அங்க இருந்தா ஒரு லெட்டர் குடுத்துடுங்க, ரெண்டு வரி போதும், காரணம் எழுதணும்னு அவசியம் இல்ல.

"1943 கேஸ் 1943 கேஸ்னு சொல்றீங்களே, யாரு போட்டது? நாத்திகங்களா?"

இத எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். கேஸ் போட்டவங்க யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவு, கடவுள் நம்பிக்கைல ரொம்பத் தீவிரமானவங்க. கொடிக்கு வணக்கம் வைக்கிறது விக்கிரக ஆராதனை மாதிரின்னு நினைக்கிறவங்க. 1935ல பென்சில்வேனியால மைனர்ஸ்வில்னு ஒரு சின்ன சுரங்க ஊர்ல லில்லியன், வில்லியம்னு அக்கா தம்பி, பன்னெண்டு வயசு பத்து வயசு, கொடிக்கு வணக்கம் வைக்க மாட்டேன்னு சொன்னதுக்கு ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் ஸ்கூல் போர்டுக்கு தன் கையால எழுதின லெட்டர் இன்னும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருக்கு, ஸ்கேன் பண்ணது பாத்திருக்கேன், பத்து வயசுப் பிள்ளையோட கையெழுத்து. நான் என் நாட்டை நேசிக்கிறேன், ஆனா கடவுள அதவிட அதிகமா நேசிக்கிறேன்ங்கற மாதிரி எழுதிருக்கான்.

கேஸ் சுப்ரீம் கோர்ட் போயி 1940ல எட்டுக்கு ஒண்ணுன்னு தோத்தாங்க. தீர்ப்பு வந்ததும் நாடு பூரா யெகோவா சாட்சிகள அடிச்சு விரட்ட ஆரம்பிச்சாங்க, மெய்ன் மாநிலத்துல கென்னபங்க்ங்கற ஊர்ல அவங்க கூட்டம் நடத்துற ஹால கொளுத்தினாங்க. மூணே வருஷத்துல, வெஸ்ட் வர்ஜினியால இருந்து வந்த இன்னொரு கேஸ்ல, போர் நடந்துக்கிட்டிருக்கும்போதே, அதே கோர்ட் ஆறுக்கு மூணுன்னு தன் தீர்ப்ப தானே திருப்பிப் போட்டுச்சு. பார்னெட் கேஸ்னு சொல்லுவாங்க. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அரசியலோ நாட்டுப்பற்றோ மதமோ, எதுல எது சரியான கருத்துன்னு எந்த அதிகாரியும் ஆணை போட முடியாது, குடிமகன் வாயால ஒப்புக்கொள்ள வைக்கவும் முடியாதுன்னு. அந்தப் பத்திய நான் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன்.

அப்ப பிளெட்ஜ்ல காட் கிடையாது, கவனிச்சீங்களா. கடவுள் பேர் இல்லாதப்பவே, கடவுளுக்காக அத சொல்ல மறுத்த பிள்ளைங்க அவங்க.

"நாங்க எச்1பி, சிட்டிசனே இல்ல. எங்க பையன் வேற நாட்டுக்கு விசுவாசம்னு சொன்னா எதாவது பிரச்சினை வருமா?"

வராது. ஆறு வயசுப் பிள்ளை கிளாஸ்ல சொல்றது சட்டப்படி சத்தியப்பிரமாணம் கிடையாது, குடியுரிமை எதுவும் மாறாது. நிறைய குடும்பத்துல பிள்ளைங்க மரியாதைக்கு சும்மா எந்திரிச்சு நிக்கும், வாய் திறக்காது, அது போதும்.

நிஜமான சத்தியப்பிரமாணம் நேச்சுரலைசேஷன் அன்னிக்கு எடுக்கிறது. அதோட கடைசில "கடவுள் எனக்கு உதவட்டும்"னு ஒரு வரி வரும். அத வேணாம்னு சொல்லலாம், சத்தியம்ங்கற இடத்துல உறுதி கூறுகிறேன்னு மாத்திக்கலாம், விதிலயே இருக்கு. என் வீட்டுக்காரர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், எங்க மாமனார் பெரியார் திடல் கூட்டத்துக்கெல்லாம் போன மனுஷன், வளர்ப்பு அப்படி. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஓத் எடுத்தோம், பக்கத்துப் பக்கத்துல நின்னோம், கடைசி வரிய நான் சொன்னேன், அவர் சொல்லல. ரெண்டு பேருக்கும் ஒரே சர்டிஃபிகேட்தான் குடுத்தாங்க. வளந்த ஆளுக்கு குடுக்குற அந்த மரியாதைய ஆறு வயசுப் பிள்ளைக்கு ஏன் குடுக்கலங்கறது எனக்கு இன்னிக்கும் ஆறல.

"நாமளும் சாமி கும்பிடுறவங்கதானே, ரெண்டு வார்த்தைல என்ன குறைஞ்சு போச்சு?"

இதுதான் அதிகமா கேக்குற கேள்வி, எனக்கும் முக்கியமான கேள்வி. இந்த வார்த்தைகள கோர்ட்ல எப்படிக் காப்பாத்துறாங்கன்னு பாருங்க. பப்ளிக் ஸ்கூல்ல அரசாங்கம் பிரார்த்தனை சொல்ல வைக்கக்கூடாதுன்னு 1962லயே தீர்ப்பு இருக்கு. அப்ப "அண்டர் காட்" எப்படி நிக்குது? இது பிரார்த்தனை இல்ல, மதமே இல்ல, சும்மா ஒரு சம்பிரதாயம், பழைய காலத்து நினைவுன்னு வாதம் பண்ணிதான் நிக்குது. செரிமோனியல் டீயிசம்னு அதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, சடங்குக்கு சொல்ற கடவுள்னு வச்சுக்கலாம். 1984ல வேற ஒரு கேஸ்ல நீதிபதி பிரென்னன் இன்னும் வெளிப்படையா எழுதினார், இந்த மாதிரி வார்த்தைகள்லாம் மனப்பாடமா ஒப்பிச்சு ஒப்பிச்சு மத அர்த்தத்தையே இழந்துட்டதாலதான் தப்பிக்குதுன்னு.

சாமி பேரு அர்த்தமில்லாத பேருன்னு ஒத்துக்கிட்டாதான் அது அங்க இருக்கலாம். நான் காலைல குளிச்சுட்டு முருகான்னு சொல்றேன், எங்க அம்மா மூச்சு வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப அந்தப் பேரத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதே இடத்துல வைக்க வேண்டிய ஒரு சொல்ல, அட்டெண்டன்ஸுக்கும் லஞ்ச் கவுண்ட்டுக்கும் நடுவுல, ஸ்பீக்கர் கரகரன்னு வர்ற சத்தத்தோட, பாதி பிள்ளைங்க கொட்டாவி விட்டுக்கிட்டு சொல்லுது. கோர்ட் சொல்றது நிஜம்னா அது கடவுளுக்கு அவமரியாதை. ஐசன்ஹோவர் சொன்னது நிஜம்னா, மேல சொன்னேன்ல, அது அரசாங்கம் பிள்ளைங்களுக்கு நடத்துற மதப் பாடம். ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு சம்மதம் இல்ல.

"காட்னா எல்லா சாமிக்கும் பொதுவான வார்த்தைதானே, நம்ம பெருமாளையோ முருகனையோ நினைச்சுக்கிட்டா போச்சு?"

நினைச்சுக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, தப்பில்ல. ஆனா எங்க பக்கத்து வீட்டுல ஜெயின் குடும்பம், உலகத்தைப் படைச்சு ஆள்ற கடவுள்ங்கற கருத்தே அவங்க சமயத்துல கிடையாது. பௌத்தர்களுக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் மாதிரி நம்பிக்கையே இல்லாதவங்க இருக்காங்க. அவங்க பிள்ளைங்க எத நினைச்சுக்கணும்? அப்புறம், டாக்கர்ட்டி பாஸ்டர் பிரசங்கம் பண்ணப்ப அவர் மனசுல முருகன் இல்லங்கறதும் நமக்குத் தெரியும்.

இன்னொண்ணு, இது தனியா நின்னு சொல்ற பிரார்த்தனையா இருந்தா பரவால்ல. நாட்டு மேல விசுவாசமா இருக்கிறதுக்குள்ள கொண்டு போய் இத சொருகிட்டாங்க. வாக்கியத்த பாருங்க, "ஒரே நாடு, பிரிக்க முடியாதது"ன்னு ஒட்டி நின்ன ரெண்டு சொல்லுக்கு நடுவுலதான் இது உக்காந்திருக்கு. அந்த ரெண்டு வார்த்தைல முட்டிக்கிற பிள்ளைக்கு நாடே நம்மளத இல்லையோன்னு தோணிடும்.

"சொல்லாம இருக்க உரிமை இருக்குன்னு நீங்களே சொன்னீங்க, அப்புறம் என்ன பிரச்சினை? வேணாம்னா விட்டுடலாமே?"

பேப்பர்ல உரிமை இருக்கு. கிளாஸ்ல இருபத்தி ரெண்டு பிள்ளைங்க எந்திரிச்சு கைய நெஞ்சுல வைக்கும்போது ஒரே ஒரு பிள்ளை சும்மா இருக்கிறது எப்படி இருக்கும்னு யோசிங்க. என் பொண்ணு செகண்ட் கிரேடுல ஒரு நாள் சாயங்காலம் கேட்டா, "அம்மா, காட் இல்லன்னு அப்பா சொல்றார், அப்ப அப்பா அமெரிக்கன் இல்லையா?" அவ்வளவுதான் கேட்டா, ஸ்நாக்ஸ் டப்பாவ சிங்க்ல போட்டுட்டு விளையாடப் போயிட்டா. எனக்குதான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. யாரும் அவளக் கட்டாயப்படுத்தல, யாரும் திட்டல, ஆனா அந்த ரெண்டு வார்த்தை அவ மனசுல அந்த வேலையப் பண்ணிடுச்சு.

1992ல ரோட் ஐலண்ட்ல ஒரு மிடில் ஸ்கூல் கிராஜுவேஷன்ல யூத மதகுரு சொன்ன பிரார்த்தனைய பத்தி கேஸ் வந்தப்ப சுப்ரீம் கோர்ட்டே இத ஒத்துக்கிச்சு. சின்ன வயசுல எல்லாரும் நிக்கும்போது கூட நிக்கிறதே கலந்துக்கிட்ட மாதிரிதான், அந்த நெருக்கடி கட்டாயத்துக்கு சமம்னு. வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கிற விழாக்கே அப்படின்னா தினம் காலைல நடக்கிறதுக்கு?

"அதான, அவ்வளவு தெளிவா இருந்தா கோர்ட் ஏன் இன்னும் தூக்கல?"

ஒரு தடவ தூக்கினாங்க. கலிபோர்னியால மைக்கேல் நியூடோன்னு ஒரு டாக்டர், சட்டமும் படிச்சவர், தன் பொண்ணு தினம் இத கேக்க வேண்டியிருக்குன்னு கேஸ் போட்டார். 2002 ஜூன்ல மேற்கு மாநிலங்களுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட், ஒன்பதாவது சர்க்யூட்னு பேரு, ரெண்டுக்கு ஒண்ணுன்னு இது அரசியலமைப்புக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. அன்னிக்கே செனட் 99க்கு 0ன்னு கண்டனத் தீர்மானம் போட்டுச்சு, காங்கிரஸ்காரங்க கேபிடல் படிக்கட்டுல கூட்டமா நின்னு "அண்டர் காட்"ட மட்டும் சத்தமா அழுத்திச் சொன்னாங்க.

சுப்ரீம் கோர்ட்ல 2004 மார்ச்ல நியூடோவே நின்னு வாதாடினார். 1954ல காங்கிரஸ்ல ஓட்டு எப்படி விழுந்துச்சுன்னு தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் கேட்டார். எல்லாரும் ஆதரிச்சாங்கன்னு இவர் சொன்னார். அப்ப இதுல பிரிவினை எதுவும் தெரியலையேன்னு அவர் கேக்க, நாத்திகன் எவனும் தேர்தல்ல ஜெயிக்க முடியாது, அதனாலதான் அப்படின்னு இவர் பட்டுனு சொன்னார். கோர்ட்ல கைதட்டல், திரும்ப தட்டினா எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்னு நீதிபதி எச்சரிக்க வேண்டியதாயிடுச்சு. ஆனா தீர்ப்பு ஜூன் 14 அன்னிக்கு வந்துச்சு (அதே கொடி நாள், சரியா 50 வருஷம்), கஸ்டடிப்படி பொண்ணு விஷயத்துல கடைசி முடிவெடுக்குற உரிமை அம்மாகிட்ட இருக்கு, அதனால இவருக்கு கேஸ் போடவே தகுதி இல்லன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. வார்த்தைகள் சரியா தப்பாங்கற கேள்விக்கு கோர்ட் பதிலே சொல்லல. மூணு நீதிபதிங்க மட்டும் தனியா, சரின்னு எழுதினாங்க. அதுல தாமஸ், மேல சொன்ன 1992 தீர்ப்பு சரின்னா இந்த பிளெட்ஜ் நிக்காது, ஆனா அந்தத் தீர்ப்பே தப்புன்னு எழுதினார். அவர் கருத்து எனக்கு ஒத்துவராது, ஆனா கணக்க நேர்மையா போட்டிருக்கார்.

அதுக்கப்புறம் 2010ல அதே ஒன்பதாவது சர்க்யூட்டே வேற கேஸ்ல சரின்னு சொல்லிடுச்சு. மாசசூசெட்ஸ்ல 2014, நியூ ஜெர்சி மாநில கோர்ட்ல 2015, அங்கயும் வழக்குப் போட்டவங்க தோத்துட்டாங்க. விருப்பம் இருந்தா சொல்லலாம் இல்லன்னா விடலாம்ங்கறதுதான் எல்லாத்துலயும் முக்கியக் காரணம், அதுக்கு என் பதில் முந்தின கேள்விலயே இருக்கு.

"டாலர் நோட்டுலயே காட் இருக்கே, அத என்ன பண்ணுவீங்க?"

நோட்டுல இருக்கிறத நான் படிக்க வேண்டியதில்ல, கை மாறும்போது யாரும் என்னைய எந்திரிச்சு நின்னு வாசிக்கச் சொல்றதில்ல. நாணயத்துல 1864ல இருந்தே இருக்கு, எல்லா நோட்டுலயும் போடணும்னு சட்டம் 1955ல வந்துச்சு, தேசிய முழக்கமா ஆக்கினது 1956ல, அதே கோல்ட் வார் காலம்தான். எனக்கு அதுவும் பிடிக்கல, ஆனா அதுக்காக நான் நேரம் செலவழிக்க மாட்டேன். பிள்ளை வாயால சொல்ல வைக்கிறது வேற.

"டெக்ஸாஸ்ல ரெண்டு பிளெட்ஜாமே?"

ஆமா, மாநிலக் கொடிக்கும் ஒண்ணு உண்டு, அதுலயும் 2007ல "அண்டர் காட்" சேத்தாங்க. கோர்ட் போனாங்க, 2010ல தள்ளுபடி. மத்தது எல்லாம் மேல சொன்னதுதான், லெட்டர் குடுத்தா ரெண்டுக்கும் விலக்கு.

"நம்ம ஊர்ல இந்தப் பிரச்சினை வந்ததே இல்லையே?"

வந்திருக்கு. அரசியல் நிர்ணய சபைல 1949 அக்டோபர் 17, முகவுரை மேல விவாதம், "கடவுளின் பெயரால்"னு ஆரம்பிக்கணும்னு எச்.வி. காமத் திருத்தம் கொண்டு வந்தார். அங்க இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பக்திமான்கள்தான், ஆனாலும் இத எல்லார் மேலயும் திணிக்கக்கூடாதுன்னு பேசினாங்க, ஓட்டு விட்டாங்க, 41க்கு 68ன்னு தோத்துச்சு. நம்ம ஸ்கூல் உறுதிமொழி, தெலுங்குல 1962ல பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் எழுதினது, அதுலயும் கடவுள் கிடையாது. மந்திரிங்க பதவியேற்கும்போது "கடவுள் பெயரால்"னு ஒருத்தர் சொல்வார், அடுத்தவர் "உளமார உறுதி கூறுகிறேன்"னு சொல்வார், டிவில எத்தனை தடவ பாத்திருப்போம். அரசியலமைப்புலயே ரெண்டும் இருக்கு.

பார்னெட் கேஸ் நம்ம ஊருக்கும் வந்துச்சு. கேரளால மூணு பிள்ளைங்க, அவங்களும் யெகோவா சாட்சிகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, ஆனா பாடல. ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்க. 1986 ஆகஸ்ட்ல நம்ம சுப்ரீம் கோர்ட், நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசி, பிள்ளைங்கள திரும்ப சேக்கச் சொன்னார். நம்ம மரபு சகிப்பத்தான் போதிக்குது, அத நீர்த்துப்போக விட்டுடாதீங்கன்னு தீர்ப்ப முடிச்சார்.

"மத்த நாட்டுல என்ன பண்றாங்க? மலேசியால கடவுள் இருக்காமே?"

இருக்கு. 1969 மே கலவரத்துக்கு அப்புறம் 1970ல வந்த ருக்குன் நெகாரா, அதாவது அவங்க தேசிய உறுதிமொழி, அதோட முதல் கொள்கையே கடவுள் மேல நம்பிக்கை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களும் அத சொல்றாங்க. சிங்கப்பூர் நேர் எதிர். 1966ல அவங்க உறுதிமொழிய வரைஞ்சவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்துல வட்டுக்கோட்டைல பிறந்தவர், அதுல மதம்ங்கற சொல் வரும், இனம் மொழி மதம் எதுவா இருந்தாலும் நாம ஒண்ணுன்னு சொல்றதுக்காக வரும். எனக்கு அந்த வழி பிடிச்சிருக்கு, மதம் இருக்குன்னு ஒத்துக்குது, யாரையும் வெளிய தள்ளல.

"இப்ப எடுத்துட்டா கடவுள் இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. "கடவுள் இல்லாத ஒரே நாடு"ன்னு மாத்தச் சொன்னா நானே முதல்ல எதிர்ப்பேன். 1892ல இருந்து 1954 வரைக்கும், 62 வருஷம், எப்படி இருந்துச்சோ அப்படி விடச் சொல்றோம், அந்த 62 வருஷமும் சர்ச்சுக்கு யாரும் போகாம இருந்தாங்களா என்ன. கடவுளப் பத்தி எதுவும் பேசாம இருக்கிறதும் கடவுள் இல்லன்னு சொல்றதும் ஒண்ணு கிடையாது. நம்ம வீட்டு ரேஷன் கார்டுலயும் கடவுள் பேர் இல்ல, அதனால யாரும் நாத்திகர் ஆகல.

"என் பையன் உக்காந்தே இருந்தான்னு டீச்சர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க, என்ன பண்ண?"

எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பத்துல இது நடந்துச்சு, சப்ஸ்டிட்யூட் டீச்சர், விதி தெரியாது. கோபப்படாம முதல்ல பிரின்சிபாலுக்கு ஒரு ஈமெயில் போடுங்க, என்ன தேதி, என்ன நடந்துச்சு, பார்னெட் தீர்ப்புப்படி கட்டாயப்படுத்தக்கூடாது, டீச்சர்ஸுக்கு ஞாபகப்படுத்துங்கன்னு நாலு வரி. போன்ல பேசாதீங்க, எழுத்துல இருக்கணும். பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும், இவங்களுக்கும் அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டு பதில் வந்துச்சு. முடியலன்னா ஊர் ஸ்கூலுக்கெல்லாம் தலைவரான சூப்பரின்டெண்டன்ட், அதுக்கும் மேல ஏசிஎல்யுங்கற குடிமக்கள் உரிமை அமைப்போட மாநில ஆபீஸ், அவங்க இந்த மாதிரி விஷயத்துல லெட்டர் எழுதிக் குடுப்பாங்க.

அதுக்கு முன்னாடி பையன்கிட்ட பேசுங்க. அவன் ஏன் உக்காந்தான்னு அவன் வாயாலயே கேளுங்க. நீங்க சொன்னதாலயா, அவனுக்கே தோணுச்சா, இல்ல காலைல தூக்கமா. அப்பாவோட கொள்கைக்காக பிள்ளைய முன்னாடி நிறுத்துறதும் ஒருவிதக் கட்டாயம்தான்.

"இது எப்பவாவது மாறுமாக்கா?"

கோர்ட்ல கிட்டத்துல மாறாதுன்னுதான் நினைக்கிறேன். 2022ல ஒரு ஃபுட்பால் கோச் மைதானத்துல பிரார்த்தனை பண்ண கேஸ்ல, வரலாறும் மரபும் என்னன்னு பாத்துதான் முடிவு பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அந்த அளவுகோல் வச்சா இந்த வார்த்தைகளுக்கு இன்னும் பலம்தான். காங்கிரஸ் ஒரு சட்டத்துல சேத்தத இன்னொரு சட்டத்துல எடுக்கலாம், ஆனா அந்த 99க்கு 0 ஓட்டப் பாத்த எந்த அரசியல்வாதியும் கிட்ட வரமாட்டாங்க. அதுக்காக நான் பேசாம இருக்கப் போறதில்ல, ஸ்கூல் போர்டு மீட்டிங்ல ரெண்டு தடவ மூணு நிமிஷம் பேசிருக்கேன், எங்க டவுன்ல இப்ப வருஷ ஆரம்பத்துல அனுப்புற ஹேண்ட்புக்ல பிளெட்ஜ் கட்டாயம் இல்லன்னு ஒரு வரி போடறாங்க.

"உங்க பொண்ணு இப்ப என்ன பண்றா?"

இப்ப அவ ஃபிஃப்த் கிரேடு. எந்திரிச்சு நிக்கிறா, கைய நெஞ்சுல வைக்கிறா, எல்லாம் சொல்றா, அந்த ரெண்டு வார்த்தை வர்ற இடத்துல மட்டும் மூச்சு எடுத்துக்கிட்டு "இன்டிவிசிபிள்"ல சேந்துக்கிறா. நானா சொல்லிக் குடுக்கல, அவளே கண்டுபிடிச்சுக்கிட்டது. அவ தம்பி ஃபர்ஸ்ட் கிரேடு, அவன் எல்லாத்தையும் சொல்றான், காட்டையும் சேத்து, ரொம்ப சத்தமா. வீட்டுக்கு வந்து எனக்கும் ஒரு தடவ சொல்லிக் காட்டுவான், நான் அடுப்ப சிம்ல வச்சுட்டு நின்னு கேப்பேன்.